பவளத்துக்குக் கொடுத்த மின்சாரம்

பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கிற கல் என்றுதான் பலர் நினைக்கிறார்கள், ஐயா. அது உயிருள்ளது. அதற்குப் பசிக்கும், மிரண்டால் சுருங்கிக்கொள்ளும். அந்த மிரட்சி என்னவென்று எனக்குத் தெரியும். நான் சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி.

அன்று மதியம் என் தொட்டிக்கு வாங்கிய பவளம் பார்சலில் வந்தது. வழியில் எங்கோ வெயிலில் கிடந்திருக்கிறது. பையைப் பிரித்ததுமே அழுகல் வாடை குப்பென்று அடித்தது. ஒரு கிளை முறிந்து, சதை நூல் நூலாக உரிந்து தொங்கியது. போதாக்குறைக்கு அடியில் தட்டைப்புழுவும் அதன் முட்டைகளும். அப்படியே தொட்டியில் விட்டால் மற்ற பவளங்களையும் அரித்துத் தின்றுவிடும். மருந்துத் தண்ணீரில் முக்கினேன், புழுக்கள் உதிர்ந்தன. முட்டைகள் மருந்துக்கெல்லாம் மசியாது. பல் துலக்கும் பிரஷால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தேன். பிறகு உப்புத் தண்ணீர் வாளிக்கு மாற்றி, பம்பைப் போட்டேன். காயம்பட்ட பவளத்தைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் போச்சு.

கடைக்குக் கிளம்பிய அக்கா வாசலில் நின்று பார்த்தாள். "உனக்குக் கல்யாணம் பண்ணி வைக்காம கண்ணாடித் தொட்டி வாங்கித் தந்தோம் பாரு, எங்க புத்தியச் சொல்லணும்," என்று சிரித்தாள். பிறகு, "கரண்ட் போனா அப்பா மெஷின இன்வெர்ட்டர்ல மாட்டிடு. கூட வேற எதையும் மாட்டாத, தாங்காது," என்றாள். அப்பாவுக்கு நுரையீரல் பழுது. பக்கத்து அறையில் மூக்கில் குழாயோடு, ஆக்சிஜன் மெஷினை நம்பிப் படுத்திருந்தார்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது.

முதலில் மெஷினைத்தான் மாட்டினேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் திரும்பி வந்தால் வாளியில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. பவளம் வெளிறுவது போலிருந்தது. அப்பாவுக்கு முடியவில்லை என்றால் கூப்பிடுவார். பவளத்துக்குக் குரல் கிடையாது. மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, பம்பைச் செருகினேன். கொஞ்ச நேரம் இதற்கு, கொஞ்ச நேரம் அவருக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் இரண்டு உயிரும் பிழைக்கும். நியாயமான ஏற்பாடுதானே.

அப்பா கூப்பிட்டார். "தம்பி, மூச்சு முட்டுதுடா."

"இதோ வரேம்ப்பா," என்றேன். வரத்தான் நினைத்தேன். பிளக்கைத் தொட்டேன், பிடுங்கவில்லை. பம்பை நிறுத்தினால் பவளம் செத்துவிடுமே என்ற பயம். அடுத்து அவர் கட்டில் கம்பியைத் தட்டத் தொடங்கினார். ஒவ்வொரு தட்டுக்கும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பவளமும் மிரளுமே என்று வாளியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். தட்டுவது மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. அவர் தூங்கிவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அக்கா வந்ததும் அலறினாள். "அப்பா ரூம் கதவ ஏன்டா சாத்தி வச்சிருக்க?" காற்றில் சாத்திக்கொண்டது என்றேன். உங்களிடமும் காலையில் ஸ்டேஷனில் அதையேதான் சொன்னேன்.

அன்று ஓர் இலைகூட அசையவில்லை, ஐயா. கட்டிலிலிருந்து நேரே பார்த்தால் வாளியும் பம்பும் நானும் தெரிவோம். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து போய் நான்தான் சாத்தினேன்.