இரைச்சல் இல்லாத நாலு நிமிஷம்

பேஸ் கிடாருக்குப் பழைய கம்பிதான் நல்லது, ஐயா. புதுக் கம்பி கணகணவென்று காதைக் குடையும். மூன்று வருஷமாக மாற்றாத கம்பி, அதற்கடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு, விரலைக் கிடாரின் கழுத்துப் பக்கம் வைத்து மெதுவாக மீட்ட வேண்டும். அப்போதுதான் ஜாஸ் இசைக்கான வழவழப்பு வரும். "என்னடா, உன் கிடாருக்கு ஜலதோஷமா?" என்று அண்ணன் கிண்டல் செய்வார். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அவர்மேல் உயிரையே வைத்திருந்தேன், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் இரண்டு பேர் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். ஏதாவது வேண்டுமென்றால் அதில் தட்டுவார். நுரையீரல் கெட்டுப்போனதிலிருந்து ஆக்சிஜன் மெஷின்தான் அவருக்குத் துணை. மூக்கிலிருந்து குழாய் நழுவினால் இரண்டே நிமிஷத்தில் உதடு நீலம் பாரித்துவிடும். அந்த மெஷின் ஓடும்போதெல்லாம் என் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். வயரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், உட்காரும் திசையைக்கூட மாற்றினேன். போய்த் தொலையவில்லை.

பதினோரு வருஷம் ஹோட்டல் மூலையில், சாப்பிடுகிறவர்களின் முதுகைப் பார்த்து வாசித்தவன் நான். நீங்கள் கேட்கிற அந்த நாள் காலையில்தான், நான் அனுப்பியிருந்த பதிவைக் கேட்டுவிட்டு ஒரு பெரிய ஜாஸ் குழுவின் தலைவர் போன் செய்தார்.

"வாசிப்பு பிரமாதம். ஆனா பின்னாடி என்னமோ இரையுதே. சாயங்காலத்துக்குள்ள சுத்தமா ஒண்ணு அனுப்புங்க. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்."

ஸ்டூடியோவுக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். அண்ணி வேலைக்குப் போனால் அண்ணனைத் தனியாக விடக்கூடாது. "தம்பி, மெஷின் ஓடுதான்னு அப்பப்போ பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அன்றும் கிளம்பினார். கொடுத்த பொறுப்பைத் தட்டிக் கழிக்கிற ஆள் இல்லை நான்.

மத்தியானம் சாப்பிட்டதும் அண்ணன் கண்ணயர்ந்தார். பாட்டு நாலு நிமிஷம்தான். பிளக்கைப் பிடுங்கினால் மெஷின் அலறும், அவர் தூக்கம் கெடும். அதனால் மெஷினிலேயே இருக்கும் சுவிட்சை அணைத்தேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து, ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்தேன். முதல் சுரத்தைத் தொட்டேன். சுற்றிலும் அப்படி ஓர் அமைதி. இத்தனை வருஷம் தேடிய நாதம் அன்றைக்குத்தான் வந்தது. அழுகையே வந்துவிட்டது.

வாசித்து முடித்ததும் மறக்காமல் மெஷினைப் போட்டேன். சாயங்காலம் அண்ணன் உடம்பு சில்லிட்டுக் கிடப்பதைப் பார்த்து அண்ணி கதறியபோது, ஸ்பீக்கர் சத்தத்தில் எதுவுமே கேட்கவில்லை என்று சொன்னேன். பாவம், நம்பினார்.

ஸ்டேஷனுக்கு எடுத்து வந்த என் கம்ப்யூட்டரில் இரண்டு பதிவு இருப்பதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். முதலாவது ஏன் மூன்றாம் நிமிஷத்தில் பாதியில் நிற்கிறது என்று கேட்கிறீர்கள். அதில் சுவரைத் தட்டும் சத்தம் விழுந்துவிட்டது, ஐயா. தட்டுவது நிற்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். நின்றது. மறுபடி தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, முதலிலிருந்து வாசித்தேன்.

அந்த இரண்டாவதைப் போட்டுக் கேளுங்கள். துளி இரைச்சல் இருக்காது.