இருநூறு கிராம் கல்

எனக்குப் பசி மட்டும் தாங்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. மற்றபடி நான் சாதுவான ஆள். கும்மிடிப்பூண்டி ரயிலடியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பூவராகவனா, உரக்கப் பேசமாட்டார், இரவல் வாங்கிய பேப்பரை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுப்பார் என்பார்கள்.

ஆரணியில் ஒரு அரிசி மில்லில் முப்பத்தோரு வருடம் எடை போட்டேன். நான் நிறுத்த அரிசியைக் கொண்டுபோய்க் கொட்டினால் பழவேற்காடு ஏரி தூர்ந்துவிடும். மீன்பிடிக்கிறவர்கள் படகை விற்று ஏர் வாங்க வேண்டியதுதான். ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் வாங்கினால் அதில் எத்தனை அரிசிமணி என்று சொல்லிவிடுவேன். தப்பினால் ஒன்றிரண்டு தப்பும், அதுவும் நொய் கலந்திருந்தால்.

அந்த மில்லில் இரண்டு செட் எடைக்கல் உண்டு. நெல் வாங்க ஒன்று, அரிசி விற்க ஒன்று. வாங்குகிற கல்லுக்கு அடியில் ஈயம் ஊற்றி வயிற்றை ரொப்பியிருக்கும். விற்கிற கல்லை அடியில் குடைந்து, ஓட்டையை மெழுகும் கரியும் வைத்து அடைத்திருக்கும். மேலே இருக்கிற எண் இரண்டிலும் ஒன்றுதான். எந்த நேரத்தில் எந்தக் கல்லை எடுப்பது என்று தெரிந்தவனுக்குத்தான் எடை மேஸ்திரி என்று பெயர். போன வருடம், எழுபத்துமூன்றில், எனக்கு ஓய்வு கொடுத்து மாலை போட்டார்கள். விற்கிற செட்டில் இருந்த சின்னக் கற்களை ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று நானே எடுத்து வந்தேன்.

அந்த மாலை போட்ட அன்று ஒரு தமாஷ் நடந்தது. மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் ஒரு தட்டில் என்னையும் மறு தட்டில் என் மனைவி கனகாம்பாளையும் உட்காரவைத்தார்கள். அவள் தட்டு தரையில் போய் உட்கார்ந்தது. நான் மேலே போனேன். போன வேகத்தில் கூரை இடித்து ஓட்டை விழுந்து, பெரியபாளையத்துக் கோபுரம் வரை தெரிந்தது எனக்கு. கீழே இருந்து அவள் சொன்னாள்:

"எங்க ஊட்டுக்காரரு மேல போய்க்கினே கீறாரு. யாராச்சும் அவரு இடுப்புல ஒரு மூட்டைய கட்டி உடுங்கப்பா."

சிரித்தவர்கள் முப்பத்தேழு பேர். மூட்டை தூக்கும் குப்பனுக்கு விக்கல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

கனகாம்பாள் பருமன்தான். பஸ்ஸில் அவள் இடப்பக்கம் உட்கார்ந்தால் டிரைவர் பொன்னேரி வரை வலப்பக்கம் ஒடித்துக்கொண்டே ஓட்டுவார். இந்த வருடம் தை மாதம் அவளுக்கு முட்டிவலி அதிகமாகி, பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் போனோம். சோதித்துப் பார்த்தார். சர்க்கரை இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். உடம்பு இளைக்க வேண்டும், வேளைக்கு இருநூறு கிராம் சோறுதான், கண்ணளவு வேண்டாம், அடுக்களையில் ஒரு தராசு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி ஒன்று சொன்னார்.

"மாத்திரை போட்டா அந்த இருநூறு உள்ள போயே ஆவணும் பெரியவரே. கொறைஞ்சா கை நடுங்கும், வேர்க்கும், மயக்கம் வரும். அப்ப உடனே ஒரு துண்டு வெல்லம் குடுக்கணும். இல்லன்னா ஆளே போய்டும்."

நல்ல டாக்டர். தெளிவாகச் சொன்னார்.

கனகாம்பாளுக்கு இளைப்பதில் அப்படி ஓர் ஆசை. பத்து வருடத்துக்கு முன்னால் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, நான் பிழைத்தால் வேப்பிலையைக் கோத்த வேப்பஞ்சேலை கட்டிப் பெரியபாளையத்தம்மனைச் சுற்றி வருவதாக நேர்ந்துகொண்டிருந்தாள். முட்டி வலியால் வருடா வருடம் தள்ளிப்போயிற்று. உடம்பை இளைத்து இந்த ஆடியில் சுற்றியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டாள். நேர்ந்தது அவள். நான் கேட்கவில்லை.

கைத்தராசும் கல்லும் என்னுடையவை. நிறுத்தது அவள். இதை அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கல்லின் மேல் இருக்கும் இருநூறு என்ற எண்ணை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைப்பாள். மில்லிலிருந்து வந்தபோது அந்தக் கல் நூற்றுத்தொண்ணூறு இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போகும் நேரத்தில் மெழுகை எடுத்துவிட்டுத் துளி துளியாகக் குடைந்தேன். ஈ உட்கார்ந்து எழுந்த அளவுக்குத்தான் எடுப்பேன். அந்தக் கைச்சுத்தம் இந்த ஜில்லாவில் இன்னொருவனுக்குக் கிடையாது.

ஒருநாள் தட்டைப் பார்த்து, "இன்னாங்க, கொஞ்சமா தெரியுதே" என்றாள்.

"உன் கண்ணுக்கு ஒரு மூட்டையே கொஞ்சமாத்தான் தெரியும்" என்றேன்.

சிரித்துவிட்டுச் சாப்பிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் தட்டை யாரும் நிறுக்கவில்லை. டாக்டர் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

வைகாசியில் அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ரயிலடிப் பார்சல் தராசில் ஏறிப் பார்த்துவிட்டு, பதினொரு கிலோ இறங்கியிருக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னாள். அவளும் இறங்கினாள், கல்லும் இறங்கியது. கல்யாணத்தின்போது எங்களுக்கு இல்லாத ஜோடிப் பொருத்தம் அவளுக்கும் கல்லுக்கும் வந்தது. பக்கத்து வீட்டு மேரி, இரும்புப் பட்டறைக்குப் போகிற சாலமோனின் மனைவி, பார்க்கப் பொறுக்காமல் சொன்னாள்.

"பெரிம்மா, இப்டி வேர்த்து ஊத்துது. ஒரு கை சக்கரைய வாயில போட்டுக்கோ."

"வேணாண்டி. கல்லுக்கு மேல ஒரு பருக்க துன்னாலும் அம்மனுக்கு இன்னா பதில் சொல்றது?"

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மேரியே சாட்சி.

ஆடி முதல் ஞாயிறுக்கு மூன்று நாள் இருந்தது. மத்தியானம் மாத்திரை போட்டு, நிறுத்ததைச் சாப்பிட்டாள். மூன்று மணிக்கு ரவிக்கை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு துண்டு வெல்லம் குடுங்க. கண்ண இருட்டிக்கினு வருது."

வெல்லத்தையும் தராசையும் அவள் முன்னால் வைத்தேன். "நிறுத்து எடுத்துக்கோ. இத்தினி மாசம் பட்ட பாடு வீணாப் போவக்கூடாது" என்றேன்.

தராசைத் தூக்கினாள். கை நடுங்குகிறது, முள் எப்படி நிற்கும்? இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் போகிறது. முள் நிற்கட்டும் என்றேன். நான் ஒரு விரல் வைத்திருந்தால் நின்றிருக்கும். முப்பத்தோரு வருடத்தில் அப்படி ஆடின தராசை நான் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பிறகு தராசும் விழுந்தது, அவளும் விழுந்தாள். மேரியை எப்போது கூப்பிட்டேன் என்று கேட்டீர்கள். தரையில் விழுந்த வெல்லம் வீணாகக்கூடாது என்று வாயில் போட்டுக்கொண்டேன். அது கரைந்த பிறகு கூப்பிட்டேன். கொஞ்சம் பெரிய துண்டு.

அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மேரி சந்தேகப்பட்டு அந்தக் கல்லைப் பலசரக்குக் கடைக்கு எடுத்துப்போய்ச் சரியான கல்லோடு வைத்துப் பார்த்திருக்கிறாள். நூற்றுமுப்பது. சரிதான், நானும் அவ்வளவுதான் விட்டிருந்தேன்.

ஆமாம், குடைந்தது நான்தான். எதற்காக என்றும் தெரிந்துதான் குடைந்தேன். கூப்பிட்டால் பிழைப்பாள் என்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஐயா, அவள் தட்டிலிருந்து ஒரு பருக்கையை என் கையால் எடுத்ததில்லை. தன் கையால் நிறுத்து, தன் கையால்தான் சாப்பிட்டாள்.

ஒரே ஒரு விண்ணப்பம். இன்று மத்தியானம் உங்கள் ஆள் எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்தான். தட்டைக் கையில் தூக்கிப் பார்த்தேன். நூற்றுமுப்பதுக்கு மேல் இருக்காது. வயசான மனிதனுக்கு இப்படிக் குறைத்துப் போட அவனுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.