செட்டிபாளையம் சைரனின் ஏழாம் கால்

நாகமணி யோகராசா, வயது 41, ரேடியோ திருத்துபவர், கல்லடி. 2009 ஏப்ரல் 2ஆம் திகதி காலை 10.20க்குப் பொலிஸ் நிலையத்தில் கூறியதாவது:

என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகவே வந்தேன். சுனாமியில் என் மனைவியும் மகளும் போனார்கள். அதன்பின் 2006இல் செட்டிபாளையம் மீனவர் சங்கத்தார் கேட்டதன்பேரில், கடல் உள்வாங்கினால் தானாகக் கூவும் சைரன் பெட்டி ஒன்றைச் செய்து கரையில் கம்பத்தில் பூட்டினேன். பெட்டிப் பூட்டின் திறப்பு சங்கத்து உதயரூபனிடம் இருந்தது. அவரும் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்.

பெட்டிக்குள், வரிசையாகக் கம்பிக் கால்கள் உள்ள சிறு கணினிச் சிப் ஒன்று உண்டு. அதன் ஏழாம் காலுக்கு நிரல் ‘ஒன்று’ என்று கொடுத்தால் சைரன் கூவும், ‘பூச்சியம்’ என்றால் நிற்கும். எங்கள் பக்கம் கரண்ட் போய் வந்தால் முதலில் ஏறி இறங்கிக் கூத்தாடும். அதில் சிப் குழம்பக் கூடாதென்று, கரண்ட் வந்ததும் இருபது விநாடி சும்மா இருந்து, அதன்பின் கால்களுக்குக் கட்டளை கொடுக்கும்படி நிரல் எழுதினேன். பெரிய கெட்டித்தனம் என்று நினைத்தேன். அந்த இருபது விநாடியும் ஏழாம் கால் ‘ஒன்று’ம் இல்லை, ‘பூச்சிய’மும் இல்லை, கேட்பாரற்றுக் கிடக்கும். அதைப் பூச்சியத்தில் பிடித்து வைக்க ரெசிஸ்டர் என்ற சிறு மின்தடை ஒன்று போட வேண்டும். நான் போடவில்லை. அந்தக் காலிலிருந்து கம்பத்து உச்சிக்கு நாற்பது அடி வயர் போகிறது. பக்கத்து மின்கம்பியின் இரைச்சலை வயர் வாங்கினால் கால் தானாக ‘ஒன்று’ ஆகிவிடும். மடையன் வேலை. இதை அப்படியே எழுதுங்கள்.

மார்ச் 11ஆம் திகதி பிற்பகல் 3 மணியளவில் கரண்ட் போய் வந்தபோது சைரன் கூவியது. சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கடலுக்கு மறுபுறமுள்ள களப்புப் பக்கம் ஓடியது. உதயரூபன் மட்டும் கரைக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தார். அதற்குள் இருபது விநாடி முடிந்து சைரன் நின்றுவிட்டது. பெட்டிக்குள் கை விட்டபடி நின்றவரைக் கரையோரப் படைக் காவலரணில் இருந்தவர்கள் பிடித்தார்கள். யாருக்கோ சைகை கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அதன்பின் அவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டாருக்குத் தெரியாது.

மூன்று கிழமை, இருபத்தொரு நாள், நான் பயத்தில் வாய் திறக்கவில்லை. அதற்கு வெட்கப்படுகிறேன். நேற்று அவர் மனைவி வதனி கடைக்கு வந்து, “அண்ணன், ஒங்கட பெட்டிதானே கத்தின? எண்ட மனிசன் என்னத்துக்கு உள்ளுக்க கிடக்கணும்?” என்று கேட்டார். அதன்பின் இன்று அவரையும் கூட்டிக்கொண்டு இங்கு வந்தேன்.

சார்ஜன்ட் ஐயா செய்து காட்டச் சொல்லி, கைப்பற்றிய பெட்டியைக் கொண்டுவரச் செய்தார். சைரனுக்குப் பதிலாக ஒரு பல்ப் பூட்டினேன். பெட்டியைக் கழற்றியவர்கள் நீள வயரை வெட்டி எறிந்திருந்தார்கள், ஒரு சாண்தான் மிச்சம். வேறு வயர் கேட்டேன், கிடைக்கவில்லை. பத்துத் தடவை கரண்டை நிறுத்திப் போட்டேன். பல்ப் எரியவில்லை. அதன்பின், மனித உடம்பும் வயரைப் போல இரைச்சலை வாங்கும் என்பதால், மறுபடி கரண்டைப் போட்ட கையோடு வெட்டிய நுனியில் விரலை வைத்தேன். உடனே எரிந்தது. “பாத்தீரா, கை வச்சாத்தான் எரியுது. அண்டைக்கும் உதயரூபன் கை வச்சுத்தான் கூவியிருக்கு” என்று ஐயா சொல்லி, அதையே எழுதினார். நான் எவ்வளவோ விளக்கியும் அவர் தலை நிமிரவில்லை.

வதனி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் அண்ணன் தொட்டீங்க?” என்று கேட்டார்.

மேலே எழுதியது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. இதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. விரல் வைத்ததும் எரிந்ததும் உண்மை என்பதால் அதை நீக்கக் கேட்க என்னால் முடியவில்லை.

(ஒப்பம்) நா. யோகராசா