பெண்களுக்குப் பதினான்கு

எனக்கு யாரையும் தோற்கடிக்கப் பிடிக்காது. அதனால்தான் ஆட்டத்தில் சேராமல், ஆட்டத்தை நடத்துகிறவனாக இருந்தேன்.

பனி உடைந்து என் மனைவி மாரிட் ஏரியில் விழுந்துவிட்டாள் என்று போன வாரம் உங்களிடம் சொன்னேன், ஷெரிஃப். நீங்களும் விபத்து என்று எழுதிக்கொண்டு என் தோளில் கை வைத்தீர்கள். அது சரியான பதிவு அல்ல. தவறான பதிவை என்னால் அப்படியே விட்டுவைக்க முடிவதில்லை.

இந்த ஆட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேசுவோம். ஒவ்வொரு பாத்திரத்தின் பலத்துக்கும் மூன்றிலிருந்து பதினெட்டு வரை ஓர் எண் உண்டு; நினைத்தது நடக்குமா என்பதை அந்த எண்ணும் பகடையும் தீர்மானிக்கும். விஸ்கான்சின் குளிர்காலத்தில் சனிக்கிழமை மதியங்களை வேறு எப்படிக் கழிப்பது. புத்தகத்தில் உள்ள விதிகளை நாங்கள் அப்படியே நம்புவதில்லை; செய்து பார்த்துத் திருத்துவோம். என் கல்லூரி நண்பன் லோவெல் வேலிக் கம்பியை வளையம் வளையமாகக் கோர்த்து ஒரு கவசச் சட்டை செய்தான். எடை முப்பது பவுண்டு. அதை மாட்டிக்கொண்டு அவன் சோளக்காட்டில் ஓட, நான் நேரம் குறித்தேன்.

பெண் பாத்திரங்களின் பலம் பதினான்கைத் தாண்டக் கூடாது என்பது நான் எழுதிய விதி. பளு தூக்கும் போட்டி முடிவுகளை வைத்து மூன்று மாதம் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். வெறுப்பில் எழுதியதல்ல. மாரிட் சீஸ் ஆலையில் பால் கேன் தூக்குகிறவள். என் பலத்தையும் அளந்திருக்கிறேன். ஒன்பது.

மார்ச் முதல் சனிக்கிழமை, ஆட்டத்தில் அவளுடைய போர்வீராங்கனை கவசத்தோடு உறைந்த ஆற்றில் விழுந்தாள். மாரிட் இரண்டு வருடம் வளர்த்த பாத்திரம். பலம் குறைந்தது பதினைந்து இல்லாமல் மேலேறி வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"பகடையாவது உருட்ட விடு."

"உருட்டி என்ன ஆகப்போகுது? பதினாலுதான் உனக்கு."

"டிராகன் பறக்குது, பேசுது, அதெல்லாம் ஒத்துக்குவ. நான் ஒரு குழியிலேருந்து ஏறி வந்தா மட்டும் யதார்த்தம் இல்லையா?"

"டேய் கர்ட்," என்றான் லோவெல், "ஊறுகாய் ஜாடி மூடியத் திறக்க நீ யார்கிட்ட கொண்டுபோய்க் குடுப்ப? அதச் சொல்லு மொதல்ல."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவளுடைய பாத்திரத்தின் தாளைக் கிழித்தேன். இறந்துபோனால் தாளைக் கிழிப்பதுதான் எங்கள் வழக்கம்.

"நாளைக்கு ஏரிக்கு வா," என்றாள் மாரிட். "செஞ்சே பாத்துடுவோம். நான் ஏறிட்டா அந்த விதியக் கிழிக்கணும்."

ஞாயிறு, தேவாலயம் முடிந்து நாங்கள் இருவர் மட்டும் ஏரிக்குப் போனோம். ஈட்டியால் மீன் குத்துகிறவர்கள் பிப்ரவரியில் வெட்டிவிட்டுப் போன குழி, ஒரு கதவு அளவு. மேலே மறுபடி கட்டியிருந்த பனியைக் கோடரியால் உடைத்தது நான்தான். அவள் லோவெலின் கவசச் சட்டையை மாட்டிக்கொண்டாள். இடுப்பில் கயிறு, மறுமுனை என் கையில். இரண்டு நிமிடத்துக்குள் தானாக ஏற வேண்டும்.

நாற்பது வினாடியில் ஏறிவிட்டாள். பனிமேல் குப்புறப் படுத்தபடி சிரித்தாள். "எழுதுடா, பதினெட்டு."

ஒரு முறை என்பது தற்செயலாக இருக்கலாம். எதையும் மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது எங்கள் முறை, அவளுக்கும் தெரியும். இரண்டாம் முறை ஒரு நிமிடம் ஐந்து வினாடி. உதடு நீலமாகியிருந்தது.

"போதும் கர்ட். கை மரத்துப்போச்சு. தோத்துட்டேன்னு ஒத்துக்கோ, வீட்டுக்குப் போலாம்."

"கயிறு உன்ன இழுத்திருக்கலாம். இன்னும் ஒரு தடவ. கயிறு இல்லாம."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவ்வளவு வேணுமா உனக்கு அது?"

முடிச்சை அவளே அவிழ்க்கப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. நான் அவிழ்த்துக் கொடுத்தேன்.

அட்டவணை தவறு என்று இரண்டாம் முறையே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு தடவை அவளால் ஏற முடியாமல் போக வேண்டும், என்னைக் கூப்பிட வேண்டும், நான் இழுத்துவிட வேண்டும். இவ்வளவுதான் விரும்பினேன். எந்தக் கணவனும் விரும்பக்கூடியதுதான்.

மூன்றாம் முறை, ஒரு நிமிடம் வரை அவளுடைய முழங்கை பனிமேல் இருந்தது. பிறகு விரல்கள் மட்டும். ஒன்று முப்பதில் "கயிறு" என்றாள். சத்தமாக இல்லை. ஒன்று நாற்பதில் என் பெயரைச் சொன்னாள். கயிறு சுருட்டியபடி என் கையில் இருந்தது. அவளுக்கும் எனக்கும் இடையே ஆறடி.

நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை. ஒன்று ஐம்பதில் விரல்கள் விட்டுவிட்டன. இன்னும் பத்து வினாடி பாக்கி இருந்தது. இரண்டு நிமிடம் ஆவதற்கு முன்னால் கயிற்றை எறிந்திருந்தால் அந்த அளவு செல்லாது. லோவெலைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வான்.