பூட்டை இழுத்துப் பார்த்தவரும் பாராட்டுப் பெற வந்தவர்களும்

தலைமை தாங்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! வரவேற்புரை என்ற பெயரில் என் வயதையும் வாசித்துவிட்ட செயலாளர் அவர்களே! முழங்கால் வலியோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தவர்களே! மடியில் மழலையும் மனத்தில் அச்சமுமாக வந்திருக்கும் தாய்மார்களே! பாராட்டுப் பத்திரம் வாங்கப் பளபளக்கும் சட்டையில் வந்திருக்கும் ஐந்து இளைஞர்களே! வணக்கம்.

ஒலிவாங்கியைச் சரிசெய்ய வேண்டாம் தம்பி, அது நன்றாகத்தான் இருக்கிறது. பேசத் தயங்குகிறவன் நான்தான்.

இருபத்தாறு ஆண்டுகள் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவன் நான். கொலை செய்தவனுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து குறிப்பெழுதியிருக்கிறேன். அன்றெல்லாம் அஞ்சாதவன் இன்று அஞ்சுகிறேன். யாரைக் கண்டு? திருடனைக் கண்டா? இல்லை ஐயா, உங்களைக் கண்டு!

திருடனைப் பிடித்த ஐவரை வாழ்த்தத்தானே அழைத்தீர்கள்? அந்தத் 'திருடன்' யார்? நான்காவது மாடியில் தன் தங்கை வீட்டுக்கு இரண்டு மாதம் முன்பு குடிவந்தவர். பூட்டுத் தொழிற்சாலையில் முப்பத்தோரு ஆண்டு சோதனைப் பிரிவில் இருந்தவர். ஒவ்வொரு பூட்டையும் மூன்று முறை இழுக்க வேண்டும், 'சரி' என்று சொல்ல வேண்டும், அடுத்ததை எடுக்க வேண்டும். வேலை அவரை விட்டது. அவர் வேலையை விடவில்லை. காலையில் பால் வாங்கப் போகும்போது, வழியில் பூட்டியிருக்கும் வீடுகளின் பூட்டையெல்லாம் இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் வெளியே போய்த் திரும்பியபோது என் வாசலிலேயே கையும் களவுமாகப் பிடித்தேன்.

"என்ன சார் பண்றீங்க?"

"மூணு தடவை இழுத்துப் பாத்தாத்தான் சார் மனசு அடங்குது. நீங்க தைரியமா ஊருக்குப் போங்க. உங்க பூட்டு நல்ல பூட்டு."

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். மறுவாரம் நம் கைபேசிக் குழுவில் அவர் பூட்டை இழுக்கும் கேமராப் படம் வந்தது: 'வீடுகளை நோட்டம் விடுகிறான், உஷார்!' எனக்கு உண்மை தெரியும். சொன்னேனா? சொல்லவில்லை. இவனும் கூட்டாளி என்பீர்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

விசித்திரம் வேறு, குற்றம் வேறு! ஊரார் செய்யாததைச் செய்தால் விசித்திரம். சட்டம் தடுத்ததைச் செய்தால் குற்றம். நம் செயலாளர் லிஃப்டில் ஏற மாட்டார். ஆறு மாடியும் நடைதான். என் மனைவி, கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் பேருந்தை நிறுத்தி இறங்குவாள். சிரிக்கிறீர்கள்! நன்றாகச் சிரியுங்கள். விசித்திரத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனை அந்தச் சிரிப்புதான்.

நாம் விதித்தது என்ன? போன ஞாயிறு காலை பத்து மணி. இரண்டாவது மாடிப் படிக்கட்டு. சத்தம் கேட்டு இரண்டு விரல் அகலம் கதவைத் திறந்தேன். ஐந்து பேர் நடுவே அவர். காலடியில் பால் கொட்டிக் கிடந்தது.

"எந்த வீட்டுக்குடா நோட்டம் விட்ட?"

"இல்லப்பா, பூட்டு சரியா இருக்கான்னுதான்..."

"எந்தக் கைடா? நீட்டுடா!"

நீட்டினார், ஐயா! கேட்டதும் நீட்டிவிட்டார், பாவி மனிதர்! நான் என்ன செய்தேன்? கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். உள்ளே நின்று அவர் அலறியதைக் கேட்டேன். மூன்று விரல்கள் ஒடிந்தன. மறுநாள் அவர் தங்கையிடம் புகார் கொடுக்கச் சொன்னேன். "வேணாம் சார், நாங்க இங்கதான இருந்தாகணும்" என்று கதவிடுக்கிலேயே பேசி அனுப்பிவிட்டார்.

என்ன கேட்கிறீர்கள், பின்னால்? "நெஜமாவே திருடியிருந்தா?" என்றா? நியாயமான கேள்வி. அப்போதும் காவல் நிலையம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். கொலைகாரனிடம்கூட நீதிபதி கேட்பார்: 'நீ என்ன சொல்கிறாய்?' படிக்கட்டில் யார் கேட்டது? பதிலை யார் காதில் வாங்கியது? இன்று பூட்டைத் தொட்டவர். நாளை தனக்குத்தானே பேசுகிறவரா? நாளை மறுநாள் யாரோடும் பேசாதவரா? அதற்கடுத்த நாள் உங்கள் வீட்டுப் பிள்ளையா? இதை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை.

படிக்கட்டில் நடந்ததுதான் குற்றம். அதற்குச் சாட்சி நான். நேற்றே காவல் நிலையம் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். ஐந்து பேரையும் அடையாளம் சொன்னேன். கதவைச் சாத்திய கோழை யார் என்பதையும் சொன்னேன்.

"அப்பா, போதும்ப்பா, கீழ எறங்குங்க!"

கேட்டதா? அந்த ஐவரில் ஒருவன் கூப்பிடுகிறான். என் மகன்.

பயப்படாதே என்று சொல்ல மாட்டேன், மகனே. எனக்கும் பயம்தான். ஆனால் உன்னை யாரும் படிக்கட்டில் மடக்க மாட்டார்கள். உன் தரப்பைக் கேட்பார்கள். தண்டனை வந்தால், முடியும் தேதியோடு வரும். அந்தத் தேதியில் சிறைவாசலில் நான் நிற்பேன். அந்த மனிதர் ஒரு வாரமாக அறையை விட்டு வெளியே வரவில்லை. அவருக்கு நாம் கொடுத்த தண்டனை எந்தத் தேதியில் முடியும்? யாராவது சொல்லுங்கள்!

தலைவர் அவர்களே, பத்திரங்களை உறைக்குள்ளேயே வையுங்கள். இவ்வளவு நேரம் என்னை இறக்கிவிடாமல் கேட்ட எல்லோருக்கும் நன்றி. வாசலில் காவலர் வந்துவிட்டார். வா மகனே, அப்பாவும் கூட வருகிறேன். அனைவருக்கும் வணக்கம்.