பத்து நாளுக்குத் தண்ணீர்

செடி வாடினால் எல்லோரும் மேலேயிருந்துதான் தண்ணீர் ஊற்றுகிறார்கள், சங்கீதா. அது தப்பு. வீட்டுக்குள் வளர்கிற செடியைத் தாகம் கொல்வதைவிட நாம் ஊற்றுகிற தண்ணீர்தான் அதிகம் கொல்கிறது. நீ போலீஸ் அதிகாரி, தெரியும். ஆனாலும் என் மகள் மிரண்டாவைவிடச் சின்னவள், அதனால் நீ என்றே பேசுகிறேன். காபியை ஆறவிடாதே கண்ணு, எல்லாவற்றையும் சொல்கிறேன்.

ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டில் எனக்குப் பதினேழு செடிகள். போன வருஷம்தான் துணித்தொட்டிக்கு மாறினேன். ஜாலான் புசாரில் கடை வைத்திருக்கும் ரவூப்தான் சொல்லிக்கொடுத்தார். துணித்தொட்டிக்கு அடியில் மூடிபோட்ட தண்ணீர்த் தட்டு. தட்டிலிருந்து ஒரு திரி வந்து தொட்டியின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது தண்ணீரை மேலே இழுக்கும்.

"ஒரு தடவை நிரப்பிட்டா பத்து நாளைக்கு நீங்க திரும்பியே பார்க்க வேணாம் ஆன்ட்டி. செடி வேணுங்கிறதை மட்டும் குடிச்சுக்கும்," என்றார். மூடி இருப்பதால் வீடு வீடாகக் கொசு முட்டை தேடி வருகிற அதிகாரிகளும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பத்து நாள் என்றதும் எனக்கு மாதாவின் அம்மா புனித அன்னாள் ஞாபகம் வந்தது. ஜூலையில் எல்லை தாண்டி புக்கிட் மெர்தாஜாமில் அவளுக்குப் பத்து நாள் திருவிழா. எங்கள் பங்குக் கோயிலிலிருந்து பஸ் போகும். நாற்பத்து மூன்று வருஷமாக அந்த பஸ்ஸுக்குக் கையசைத்தே பழகியவள் நான். என் வீட்டுக்காரர் சுவிசேஷமுத்து வேறு சபை. சிலை, சொரூபம் எதையும் கும்பிடுவது அவருக்கு ஆகாது. ஒரு வருஷம் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன், பெல்ட்டின் கொக்கிப் பக்கத்தால் அடித்தார். இன்னொரு வருஷம் மணிக்கட்டை முறித்தார். குறையாகச் சொல்லவில்லை. அவர் கோபக்காரர், நான் அப்படி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் போய்விட்டது. வாயும் வலது கையும் மிச்சம். வேலைக்கு ஆள் வைத்தால் விரட்டிவிடுவார். மணிக்கொரு தரம் "தண்ணி" என்பார். கொடுத்தால் என் முகத்தில் துப்புவார்.

இந்த வருஷம் போகப்போகிறேன் என்றேன். சிரித்தார்.

"உன் அன்னாளுக்குக் காலு இருந்தா அவளை இங்க வரச் சொல்லு லா."

"உங்களுக்காகத்தாங்க வேண்டிக்கப் போறேன்."

"நான் செத்தாதான்டி நீ போவே."

அப்படியெல்லாம் பேசக்கூடாது என்றேன்.

பஸ் சனிக்கிழமை மதியம். காலையில் பதினேழு தட்டுகளையும் நிரப்பினேன். பிறகு ஒரு வாளித் தண்ணீரும் புதுத் திரியும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். காய்ந்த திரி இழுக்காது, முதலில் நனைக்க வேண்டும். நனைத்து, ஒரு நுனியை வாளியிலும் மறு நுனியை அவர் வாயிலும் வைத்தேன். பிடுங்கி எறிந்தார். மூன்று தடவை பொறுமையாகச் சொன்னேன். பிறகு மிளகாய்ச் சம்பால் இடிக்கும் குழவியை எடுத்துவந்து, அந்தக் கையைக் கட்டில் சட்டத்தில் விரித்துவைத்து, விரல்களை உடைத்தேன். சுண்டுவிரலில் ஆரம்பித்தேன். கட்டைவிரலுக்கு இரண்டு அடி தேவைப்பட்டது.

பக்கத்து வீட்டு வசந்தகுமாரி கதவைத் தட்டினாள். "என்ன ஆன்ட்டி, இவ்வளவு சத்தம்?"

"அங்கிள் மருந்து குடிக்கமாட்டேங்கிறார் மா."

"அவர் எப்பவுமே அப்படித்தானே லா," என்று போய்விட்டாள்.

கத்துவதற்கு அவர் வாயைத் திறந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. திரியை நாக்கைத் தாண்டி உள்ளே தள்ளினேன். நழுவாமல் இருக்க உதட்டோரத்தில் நாலு தையல், துணித்தொட்டியின் கைப்பிடி பிய்ந்தால் தைக்கிற ஊசியால். ரத்தத்தைத் துடைத்துத் தலையணையைச் சரிசெய்தேன். இவ்வளவு யார் பார்த்துக்கொள்வார்கள், சொல்.

மதியம் பஸ் ஏறிவிட்டேன். புக்கிட் மெர்தாஜாமில் அன்னாள் முன்னால் முழந்தாளில் நின்று அவர் சுகத்துக்காகத்தான் வேண்டினேன். நாலாம் நாள் வசந்தகுமாரி போன் செய்து வாடை வருகிறது என்றாள். செடிக்குப் போட்ட எருவாக இருக்கும், ஜன்னலைச் சாத்திக்கொள் என்றேன். அவள் உங்கள் போலீஸைக் கூப்பிட்டுவிட்டாள். பவனி பார்க்காமலே திரும்ப வேண்டியதாயிற்று.

நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொல்கிறாய். சரிதான். வாளியைத் தரையில் வைத்திருந்தால் கொஞ்சமாக ஏறியிருக்கும். அலமாரியின்மேல் வைத்ததால் நிற்காமல் இறங்கியது. "தெரியாம உயரத்துல வெச்சுட்டீங்களா ஆன்ட்டி?" என்று கேட்கிறாய். நல்ல பிள்ளை நீ, எனக்கு ஒரு வழி விடுகிறாய். ஆனால் அப்படிச் சொன்னால் என்னைக் கவனமில்லாதவள் என்று நினைப்பார்கள். போன மாதம் கற்றாழைக்கு அதே வாளியை அதே அலமாரிமேல் வைத்துப் பார்த்தேன். சொட்டு நிற்கவேயில்லை, நாலே நாளில் வேர் அழுகிவிட்டது. முதலில் ஒரு செடிக்குச் செய்து பார்க்காமல் அவருக்கு நான் எதையாவது செய்வேனா, கண்ணு?