தம்பிக்குத் தைத்த பூட்ஸ்

உங்கள் இடது காலில் பூட்ஸ் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். உள்ளே வரும்போதே கவனித்தேன். அடுத்த முறை சாயங்காலத்தில் கடைக்குப் போங்கள். பகலெல்லாம் நடந்து களைத்த பாதம் லேசாக வீங்கியிருக்கும், அதுதான் அதன் உண்மையான அளவு. காலையில் வாங்குகிறவர்கள் எல்லாம் மாலையில் நொண்டுகிறார்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இது தொழில் புத்தி. ஒருவரைப் பார்த்தால் என் கண் முதலில் காலுக்குத்தான் போகும்.

பறக்கிறவனுக்கு எதற்குப் பிரமாதமான பூட்ஸ், அவன் என்ன நடக்கவா போகிறான் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கேட்டிருக்கிறேன். அப்புறம் புரிந்தது. விமானப்படைக்காரன் காலில் ஏறுகிற பூட்ஸ் பல பொல்லாத நேரங்களுக்குத் தயாராக இருக்க வேண்டும். தோலைத் தீயில் காட்டுவோம்; தீயை எடுத்தவுடன் தானாக அணைய வேண்டும், உருகிச் சதையில் ஒட்டக் கூடாது. எரிபொருளில் ஊறப்போடுவோம்; அடி கழன்று வரக் கூடாது. கணுக்காலைத் திருகிப் பார்ப்போம். கடைசியாக வழுக்கல் சோதனை. எண்ணெய் பூசிய எஃகுத் தகட்டின் மேல் பூட்ஸை வைத்து, ஓர் ஆள் எடைக்கு அழுத்தி, இயந்திரத்தால் இழுப்போம். சுலபமாக நகர்ந்துவிட்டால் அந்தச் சோல் தேறவில்லை. எங்கள் சோதனைக் கூடத்தில் இது என் பொறுப்பு. என் முத்திரை இல்லாமல் ஒரு ஜோடிகூட வெளியே போனதில்லை. தேறாத ஒன்றைத் தெரிந்தே நான் வெளியே விட்டதுமில்லை, அந்த ஒரு ஜோடியைத் தவிர.

அது என் தம்பியின் ஜோடி.

அம்மா போனபோது அவன் கைக்குழந்தை. அப்பா இருந்தும் இல்லாதவர் மாதிரிதான். அவனை வளர்த்தது நான். பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு. பேச்சு நல்லபடியாகப் போகும். "தம்பியை யார் பார்த்துக்கொள்வார்கள்" என்ற இடத்தில் வந்து நிற்கும். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அதில் வருத்தம் இருந்ததே இல்லை.

அவனுக்குப் பாதம் பெரிது. பள்ளிக்கூட நாளிலேயே கடையில் அவன் அளவு கிடைக்காது. கிடைத்ததைப் போட்டுக்கொண்டு, விரலெல்லாம் கொப்புளமாக, வாயே திறக்காமல் நடப்பான். ஒருநாள் காலுறையைத் துவைக்கும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. "ஏன்டா சொல்லல" என்றேன். "சொன்னா நீ அழுவே" என்றான். அப்படிப்பட்டவன்.

அவன் விமானப்படையில், ஹெலிகாப்டர் மீட்புப் பணிக்குச் சேர்ந்தான். கதவருகே நின்று ஆட்களை மேலே தூக்கிச் சேர்க்கிற வேலை. விடுப்பில் வரும்போதெல்லாம் கூடவே ஒருவன் வருவான், சுருட்டை முடிக்காரன். எல்லோருக்கும் அவன் சுருட்டைதான். எங்கள் வீட்டுச் சமையலறையில் என்னைவிட அவனுக்கு அதிக உரிமை. "அக்கா, இவனுக்குப் போடுற சோத்துல பாதி காலுக்கே போயிடுது, எனக்குப் போட்டா மொத்தமும் மூளைக்குப் போகும்" என்று தட்டை நீட்டுவான். கீழே இறங்கி ஆட்களைச் சேர்ப்பது அவன், மேலே வாங்குவது என் தம்பி. ஒருத்தர் கை இன்னொருத்தருக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

போன வருடம் வேறொரு தளத்து ஹெலிகாப்டர் மலையில் மோதியதில் யாரும் பிழைக்கவில்லை. அன்று முதல் எனக்குத் தூக்கம் போனது. அவனிடம் பேசிப் பார்த்தேன்.

"போதும்டா. தரையில ஏதாவது வேலை கேட்டு வாங்கிக்கோ."

"தரையிலதான் நீ இருக்கியேக்கா. குடும்பத்துக்கு ஒரு ஆள் போதும்."

சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் தட்டிவிடுவான். அதே வாரம்தான் தூரத்துத் தளத்துக்கு மாற்றல் வந்திருப்பதாகச் சொன்னான். அங்கே குடியிருப்பு தருகிறார்கள், ஒரு பெண்ணையும் பார்த்து வைத்திருக்கிறான், அங்கேயே குடும்பத்தை அமைத்துக்கொள்ளலாம் என்று யோசனை. நல்ல விஷயம்தான் என்றேன். நான் செய்ததற்குக் காரணம் விபத்தா மாற்றலா என்று நீங்கள் துருவித் துருவிக் கேட்கிறீர்கள். விபத்துதான். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தது தற்செயல்.

அவன் உயிருக்கு ஆபத்து வரக் கூடாது, அவன் பறக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறதா என்று யோசித்தேன். இருந்தது. முழங்கால் ஒருமுறை நன்றாகப் பிசகிவிட்டால் போதும். ஆறின பிறகும் மருத்துவர்கள் பறக்கத் தகுதி தரமாட்டார்கள். வாழ்நாள் முழுக்கத் தரையில் நிம்மதியாக நடக்கலாம், கொஞ்சம் விந்தி நடந்தாலும் என்ன போயிற்று.

அப்போது ஒரு தொகுதி சோல் சோதனையில் தேறாமல் கிடந்தது. கலவையில் ஏதோ கோளாறு, ரப்பர் இறுகிப்போயிருந்தது. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அதே கறுப்பு, அதே வரிப்பள்ளங்கள். காய்ந்த தரையில் கச்சிதமாக நிற்கும். எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த உலோகத்தில் சோப்புத் துண்டு மாதிரி போகும். அழிக்க வேண்டிய தொகுதி. அதிலிருந்து பெரிய அளவில் ஒரு ஜோடியை எடுத்து வைத்தேன்.

தம்பியின் அளவு இருப்பில் வராது; அவனுக்கென்று தனியாகத் தைத்துத்தான் வர வேண்டும். அவனுக்கு வந்த நல்ல ஜோடியை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தையல் பிரிவு மேஸ்திரியிடம் இந்தச் சோலைக் கொடுத்து, அதே அளவில் இன்னொன்று வேண்டும் என்றேன். "சோதனைக்காம்மா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. தயவுசெய்து அவரை அலைக்கழிக்காதீர்கள்.

அவசரப்பட்டு எதையும் செய்கிறவள் அல்ல நான். ஹெலிகாப்டருக்குள் தரையெல்லாம் வழுக்காத விரிப்பு. கதவின் விளிம்பில் மட்டும்தான் வெறும் தகடு. அங்கே நிற்கும்போது இடுப்பில் பாதுகாப்புப் பட்டை மாட்டியிருப்பான், அது விதி. ஆகவே வழுக்கினாலும் கீழே விழமாட்டான். கால் மடங்கும், முழங்கால் போகும், அவ்வளவுதான். வீட்டில் கீழ் அறையைக் காலி செய்து அவனுக்குக் கட்டில் போட்டேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தச் சொன்னேன். பூட்ஸ் வாங்கிப்போக வந்தவன் அதைப் பார்த்துவிட்டு, "யாருக்குக்கா இது?" என்றான். "எனக்கும் வயசாகுதுல்ல" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. "மாத்தல் வேணாம்னு சொல்லிப் பாக்கட்டுமா?" என்றான்.

அப்போதாவது பூட்ஸைத் திருப்பி வாங்கியிருக்கலாம் என்கிறீர்கள். வாங்கியிருக்கலாம்தான். ஆனால் சொல்லிப் பார்க்கிறேன் என்றுதானே சொன்னான். மேலிடம் கேட்கும் என்று என்ன நிச்சயம். பூட்ஸைக் கையில் கொடுத்தேன். போட்டு நாலு எட்டு நடந்து பார்த்து, "உன் கைபட்டா தனிதான்க்கா" என்றான்.

வெள்ளம் வந்தது. ஒரு வீட்டுக் கூரையில் சிக்கியவர்களை மீட்கப் போயிருக்கிறார்கள். ஹெலிகாப்டர் கூரைக்கு வெகு அருகில் தாழ்ந்து நின்றிருக்கிறது, கயிறு தேவைப்படவில்லை. சுருட்டை கூரையில் நின்று ஒவ்வொருவராகத் தூக்கிவிட, என் தம்பி வாங்கி உள்ளே விட்டிருக்கிறான். எல்லோரும் ஏறிவிட்டார்கள். கடைசியாகச் சுருட்டை ஏறப்போகும் நேரத்தில் கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அவனே சொன்னான். கீழ் அறைக் கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"புடிச்சிட்டேன்க்கா. நல்லா புடிச்சிட்டேன். விளிம்புல காலை ஊணி அவனைத் தூக்கறேன். பயலுக்குச் சிரிப்பு. அப்புறம் என் கால் எங்க போச்சுன்னே தெரியல. மல்லாக்க கெடக்கறேன். கை காலியா இருக்கு."

அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. பட்டை அவனைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. என் கணக்கில் அந்த இடம் பிசகவில்லை. அவன் கையில் இன்னொருவன் தொங்கிக்கொண்டிருப்பான் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை. சுருட்டையை வெள்ளம் வடிந்த பிறகு வெகுதூரத்தில் எடுத்தார்கள். நான் அழுதேன். நீங்கள் நம்ப வேண்டும் என்று சொல்லவில்லை, அழுதது உண்மை.

விசாரணைக் குழு பூட்ஸை எங்கள் கூடத்துக்கே அனுப்பியது. நான் அக்கா என்பது எல்லோருக்கும் தெரியும். தம்பியைக் காப்பாற்ற ஏதாவது சாதகமாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் அவர்கள் பயந்தார்கள். அலமாரியில் இருந்த நல்ல ஜோடியைச் சோதித்தேன். சேறு படிந்த இவன் ஜோடியைத் திரும்பப் பையில் போட்டு ஒப்படைத்தேன். பூட்ஸில் குறை எதுவும் இல்லை என்றேன். சொந்தத் தம்பி என்றும் பாராமல் உள்ளதைச் சொன்னாள் என்று என் நேர்மையைப் பாராட்டினார்கள்.

குழுவில் அவனிடம் கேட்டிருக்கிறார்கள்: "பூட்ஸ் சரியா இருந்திருக்கு. அப்போ யாரோட தப்பு?"

"அப்போ என்னோடதுதான் சார்" என்றிருக்கிறான்.

பறக்கக் கூடாது என்று உத்தரவானது. மாற்றல் நின்றது. அந்தப் பெண் நேரிலேயே வந்தாள். அவன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. வாசல்வரை போய் நான்தான் வழியனுப்பினேன். அப்புறம் அவள் வரவில்லை.

அவன் வீட்டில்தான் இருக்கிறான். வேளைக்குச் சாப்பிடுகிறான், போட்டதைச் சாப்பிடுகிறான். தூங்கும்போது வலது கை மூடி மூடித் திறக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன். அப்போது கொஞ்சம் அடங்கும்.

இப்படியே போயிருக்கும். சுருட்டையின் அப்பாதான் விடவில்லை. பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர், மெதுவாகப் பேசுகிற மனிதர். ஒருநாள் வீட்டுக்கு வந்து தம்பிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம்பி அவர் காலில் விழப் போனான். அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ விட்டிருக்க மாட்டேப்பா. என் பையன் வீட்டுக்கு வந்தா உன் பேச்சுத்தான் பேசுவான். நீயே உன் வாயால சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

"என் கால் வழுக்கிடுச்சுப்பா."

"உன் கால் வழுக்கினா, அதுக்கு வேற ஏதோ காரணம் இருக்கு. அதை நான் கண்டுபுடிச்சுத் தர்றேன். நீ சாப்பிடு, முகத்தைக் கழுவு."

இரண்டு பேரும் அழுதார்கள். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். மகனைப் பறிகொடுத்தவர் பழியைத் துடைக்க வந்திருக்கிறார். நான் பெறாத பிள்ளையாக வளர்த்தவனுக்கு நான் அதைச் செய்யவில்லை. அந்த ஒரு நிமிடம் என் மனது கொஞ்சம் ஆடியது. தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைப்பதற்குள் சரியாகிவிட்டது.

அவர்தான் வேறு கூடத்தில் சோதிக்க வேண்டும் என்று படியேறி இறங்கி உங்களை அசைத்திருக்கிறார். அங்கே தகட்டின் மேல் வைத்து இழுத்திருப்பார்கள், பூட்ஸ் போயிருக்கும். அதனால் நீங்கள் வந்திருக்கிறீர்கள். மறைக்க ஒன்றும் இல்லை. தேறாத சோலை எடுத்தது நான், வைக்கச் சொன்னது நான், முத்திரை போட்டது நான். அந்தப் பையன் செத்தது என்னால். இதை எங்கே சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். எத்தனை வருடம் உள்ளே வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வேறு ஏதாவது குற்றத்துக்காகப் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமைத்துப்போட ஓர் அம்மாவை ஏற்பாடு செய்துவிட்டேன், அவன் ஒன்றும் கஷ்டப்படமாட்டான். சுருட்டையின் அப்பாவிடமும் பேசுங்கள், அவர் நல்ல மனிதர், சொன்னால் கேட்பார். பூட்ஸ் விஷயம் மட்டும் என் தம்பி காதுக்குப் போக வேண்டாம்.

தப்பு தன் மேல் இல்லை என்று தெரிந்தால், அவன் மறுபடியும் பறக்கப் போய்விடுவான்.